எம்புட்டு குடுக்குது?

மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு சீட்டு வண்டி வாங்கிய மனுஷனோடு நான் குடித்தனம் பண்ணுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப்போக நான் கோபமாகப் பேசினால், இந்த அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு வாய் என்று யாரும் கேட்கக் கூடாது.

என் வீட்டுக்காரருக்குத் திண்டுக்கல்லில் டைல்ஸ் கடை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகள், காந்திகிராமத்தில் படிக்கிறாள். ஐம்பதை நெருங்கும்போது சில ஆண்கள் மலைக்கு மாலை போடுவார்கள். இவர் பெங்களூருக்குப் போய், எவனோ ஓட்டி அலுத்துப்போன மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். தரையோடு தரையாகக் கிடக்கும் வண்டி. பாயில் உட்காருகிற மாதிரிதான் அதில் உட்கார வேண்டும், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். அதன் வேகம் போதாதென்று கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் விட்டு இரண்டு டர்போ வேறு மாட்டிக்கொண்டு வந்தார். டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற சாமான். திணிக்கிற காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலும் போகும். "நல்லா குடிக்கும், அதுல மட்டும் கை வெச்சுராதீங்கன்னு பட்டறைக்காரர் சொல்லித்தான் விட்டாரு" என்று இவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் ஊரில் ஒரு வண்டியைப் பார்த்தால் முதலில் வருகிற கேள்வி எல்லாருக்கும் தெரியும். பெட்ரோல் பங்க், டீக்கடை, முடிவெட்டுகிற கடை, கல்யாண வீட்டுப் பந்தி, எங்கே போனாலும் அதே கேள்வி. சத்தம் அதிகமாக இருக்கிறது என்று வண்டியை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரர்கூட, பேப்பரை எல்லாம் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அண்ணே, எம்புட்டு குடுக்குது?" என்றார்.

"லிட்டருக்கு ஏழு" என்பார் இவர், வாய்க்குள்ளேயே.

"ஏழா! போங்கண்ணே, என் தண்ணி லாரி அம்புட்டு குடுக்குமே" என்று எதிர்வீட்டுத் தண்ணி லாரிக்காரர் ஒருநாள் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். அன்றைக்கு இவர் இராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். இத்தனை பேர் கேட்டார்களே, ஒருத்தராவது பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா, உள்ளே உட்காருகிறவர்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டிருக்க வேண்டுமே? ஊஹூம். வண்டிக்குள் இருக்கிற ஆளைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். "ஏங்க, எனக்குப் பயமா இருக்கு. நீங்க என்னமோ பண்ணுங்க, பாப்பாவ அதுல ஏத்தாதீங்க."

"டீச்சரம்மாவுக்குப் பெட்ரோல் செலவு பயம். பொறு, அதுக்கும் ஒரு வழி பண்றேன்" என்றார். பயம் என்று நான் சொன்னது அவர் காதுக்குச் செலவு என்றுதான் போய்ச் சேர்ந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

வழி பண்ணினார். பைபாஸ் பக்கம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வண்டிகளைச் சரிபண்ணுகிற ஒருவரைப் பிடித்தார். அந்த ஆள் ஒரு மத்தியானம் முழுக்க என்னத்தையோ தட்டினாராம். சாயங்காலம் இவர் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். முகமெல்லாம் பல்.

"ஒன்பதரை! எடுத்துக்க அல்வா. பத்தைத் தொட வெச்சுட்டா நான் ஜெயிச்ச மாதிரி."

நான் அல்வாவை எடுக்கவில்லை. அதே வண்டி, அதே ரோடு, அதே மனுஷன், அதே கால். அந்த இரண்டரை எங்கிருந்து வந்தது? கணக்கில் ஒரு பக்கம் சும்மா ஏறாது. இவ்வளவு நாள் குடித்த பெட்ரோல் உள்ளே ஏதோ வேலை பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கும்? இப்போது அந்த வேலையை யார் பார்க்கிறார்கள்? இதைக் கேட்டேன். "எல்லாத்தையும் கரும்பலகையில போட்டுப் பாக்காதடி" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. முன்பு அந்த வண்டியின் புகைக்குழாய் உள்ளே கன்னங்கரேலென்று கரி அப்பிக் கிடக்கும், பக்கத்தில் போனால் சேலையில் ஒட்டிக்கொள்ளும். இப்போது அது சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துக் காய்ந்து கிடந்தது. வண்டி வந்து நின்றதும் அதன் முன்பக்கத்தில் ஏறிப் படுக்கிற தெருப் பூனை, இப்போது ஏறின வேகத்தில் குதித்து இறங்கியது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆன பிறகும் வாசலில் நின்றால் அனல் அடித்தது. ஒரு வாசம் வேறு, ஆள் இல்லாமல் அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கிற இரும்புச் சட்டியிலிருந்து வருமே, அந்த வாசம். இவரிடம் சொன்னேன். வெயில் காலம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வந்து உக்காந்து பாத்துட்டுப் பேசு" என்று என்னைச் சிறுமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏற்றத்தில் காலை வைத்து அமுக்கினார் பாருங்கள், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் கேட்டது. உறுமலுக்கு அடியில், சின்னதாக, பொடபொடவென்று ஒரு சத்தம். காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டால் வருகிற சத்தம். காலை எடுத்தால் நின்றது. அமுக்கினால் மறுபடியும் பொரிந்தது.

"ஏங்க, கடுகு பொரியுது."

"சமையக்கட்டு ஞாபகம் விடாதே ஒனக்கு! அது டர்போ சத்தம்."

"டர்போ விசில் மாதிரி கத்தும்னு நீங்கதானே சொன்னீங்க? இது வேற."

பதிலுக்குப் பாட்டைச் சத்தமாக வைத்தார். அன்றைக்கு இறங்கியவள்தான், இனி இதில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அதனால் என்ன ஆயிற்று? காலியான சீட்டில் மகள் உட்கார்ந்தாள்.

அவளுக்கு அந்த வண்டி என்றால் உயிர். கடுகுச் சத்தத்தைச் சொன்னபோது அவளும் சிரித்தாள். அப்பாவும் மகளும் கூட்டு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை உண்டு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். இவர் ஓட்டுவார், அவள் எட்டிப் பார்த்து வாசிப்பாள். "ஒன்பது புள்ளி ஆறு, அப்பா! ஒன்பது புள்ளி ஏழு!" காலேஜுக்குக்கூடச் சில நாள் அதில்தான் போனாள். அவள் வீடு திரும்புகிற வரைக்கும் எனக்கு வகுப்பில் மனசு நிற்காது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பேன், காதுக்குள் கடுகு பொரியும். பிள்ளைகள், "டீச்சர், மைனஸ் போட மறந்துட்டீங்க" என்பார்கள்.

பழனிப் பக்கம் கீரனூரில் என் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. முந்தின நாள், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கோயம்புத்தூர்ப் பட்டறைக் கார்டைப் பார்த்து அந்த டர்போ மாட்டியவருக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. காலையில் நான் தட்டுச்சாமானோடு பழனி பஸ்ஸில் ஏறினேன். அப்பாவும் மகளும் மெதுவாகக் குளித்து, மெதுவாகச் சாப்பிட்டு, பின்னால் காரில் வருவதாக ஏற்பாடு. "பாப்பா என்கூட பஸ்ல வரட்டும்" என்று கெஞ்சினேன். மகள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பின்னாலிருந்து அந்த உறுமல் கேட்டது. மஞ்சள் வண்டி பஸ்ஸை ஒட்டி உரசுகிற மாதிரி வந்து முந்தியது. மகள் கண்ணாடியை இறக்கி எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள். பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். எனக்கு முன் சீட்டில் இருந்தவர், "என்னா வண்டிய்யா! எம்புட்டு குடுக்கும்?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார். எனக்கு அவர் மண்டையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போல இருந்தது.

அப்போது போன் வந்தது. கோயம்புத்தூர்.

"அக்கா, மிஸ்டு கால் பாத்தனுங்க. யாருங்க்கா?"

சொன்னேன்.

"அட, மஞ்ச வண்டிங்களா! எப்படி ஓடுதுங்க?"

"ஒன்பதரை குடுக்குதாம்."

அந்தப் பக்கம் யாரிடமோ மிஷினை நிறுத்தச் சொன்னார். பிறகு, "அதுக்கு வாய்ப்பே இல்லீங்களே. யாரு கை வெச்சாங்க?" என்றார்.

பைபாஸ் லேப்டாப்பைச் சொன்னேன், வெளுத்த குழாயைச் சொன்னேன், கடுகுச் சத்தத்தைச் சொன்னேன். கடுகு என்றதும் அவர் குரலே மாறிவிட்டது.

"அக்கா, அந்தப் பெட்ரோலு ஓட்டறதுக்கு மட்டும் இல்லீங்க. உள்ள சூடு எகிறாம அடக்கி வெக்கறதும் அதுதானுங்க. அதைக் கொறைச்சுப்போட்டுத்தான் உங்களுக்கு மைலேஜ் காட்டியிருக்காங்க. கடுகு மாதிரி கேக்குதுன்னா இஞ்சின் உள்ளயே அடிவாங்குதுங்க. அமுக்கிப் புடிச்சா பிஸ்டன் ஓட்டையாகி அப்படியே நின்னுரும். வண்டி இப்ப எங்க இருக்குது?"

"ரோட்டுலங்க. எனக்கு முன்னாடி போகுது. என் மக உள்ள இருக்கா."

"நிறுத்தச் சொல்லுங்க. நான் வெச்சர்றனுங்க."

இவர் எண்ணை அடித்தேன், எடுக்கவில்லை. மகள் எண்ணை அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பஸ் ஹார்ன் வேறு உயிரை எடுத்தது. மறுபடி அடித்தேன். எடுத்தாள். அந்தப் பக்கம் பாட்டுக் கச்சேரி.

"அம்மா! பத்து! பத்தைத் தொட்டுருச்சும்மா! அப்பா ஒங்கிட்ட சொல்லச் சொன்னாரு!"

"பாட்டை நிறுத்துடி! வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லு! இப்பவே!"

"என்னாது? கேக்கல. செத்த இரு."

பாட்டு நின்றது. "வண்டிய நிறுத்தச் சொல்லுடி!" என்று மறுபடியும் கத்தினேன்.

"சரிம்மா. அப்பா காய்கறி லாரிய முந்துறாரு, முந்திட்டு நிறுத்தச் சொல்றேன்" என்றாள். பிறகு அவள் குரல் சின்னதாகிவிட்டது. "அம்மா... எனக்கும் கேக்குதும்மா. கடுகு."

அவ்வளவுதான். டமார் என்று ஒரு சத்தம். "அப்பா" என்று அவள் கத்தினது பாதியில் அறுந்தது. லைன் போய்விட்டது.

அதன் பிறகு அந்த பஸ்ஸில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. போனை அடித்தேன், அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பொம்பளைக் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. வெளியே தென்னந்தோப்பும் முருங்கைத் தோட்டமும் ஒன்றும் நடக்காத மாதிரி போய்க்கொண்டிருந்தன. பிறகு பஸ் மெதுவானது. முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ரோட்டில் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டிகள், காய்கறி ஏற்றுகிற காலிப் பெட்டிகள், அங்கங்கே உருண்டு கிடந்தன. தட்டுச்சாமானை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

மஞ்சள் வண்டி ரோட்டோரம் நின்றது. மூக்கிலிருந்து புகை. வண்டி உடம்பில் பெரிய அடி இல்லை. நடந்தது இதுதான். முந்துகிற நேரம் பார்த்து இன்ஜின் வெடித்து வண்டியின் இழுப்பு போய்விட்டது. இடது பக்கம் காய்கறி லாரி, எதிரே காலிப் பெட்டிகளோடு கேரளாவிலிருந்து திரும்புகிற இன்னொரு லாரி. முன்னால் போகவும் முடியவில்லை, பின்வாங்கவும் முடியவில்லை. எதிரே வந்த லாரிக்காரர் ஸ்டீயரிங்கை ஒடித்து, ரோட்டைவிட்டு இறங்கி, புளியமரத்தில் கொண்டுபோய் மோதியிருந்தார்.

என் மகள் ஒரு நீலப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வீக்கம். திரை நொறுங்கிய போனைக் கையில் பிடித்திருந்தாள். தலை, கழுத்து, கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்தேன். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முதுகில் ஓங்கி ஒரு அடியும் வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டேன்.

லாரி டிரைவரை வெளியே இழுத்து மரத்தடியில் ஒரு துண்டின்மேல் படுக்க வைத்திருந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே, கால் போகக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. கண்ணை மூடியிருந்தார். என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தண்ணீர் பாட்டிலை அவர் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்கள். கூட்டம் கூடிவிட்டது. பாதிக் கூட்டம் டிரைவரைச் சுற்றி, பாதிக் கூட்டம் மஞ்சள் வண்டியைச் சுற்றி.

வண்டியைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர், கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, வண்டி ஒங்களதா? எம்புட்டு குடுக்குது?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

"பத்து" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், டமார் என்ற சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த பயத்தைவிட அந்த ஒரு வார்த்தை பெரிய பயமாக இருந்தது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது இவருக்கே உறைத்திருக்க வேண்டும். பாட்டில் கையிலிருந்து நழுவியது.

மரத்தடியில் படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். பேசினால் வலிக்கும் என்பது முகத்தில் தெரிந்தது. இவரைப் பார்த்து, மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டார்.

"ஏனுங்க... உள்ள ஒரு பாப்பா இருந்துச்சுங்களே. போனை காதுல வெச்சுக்கிட்டு. அதுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து, உள்ளே இருந்த ஆளைப் பற்றி ஒருத்தர் கேட்டது அப்போதுதான். என் வீட்டுக்காரர் மகள் பக்கம் கையை மட்டும் நீட்டினார். மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மனுஷன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார வைத்து, நான்தான் சொன்னேன்.

"ஒண்ணும் ஆகலண்ணே. இந்தா இருக்கா, பாருங்க."