கிணற்றுக்கு ஒரு கதவு

தாராள மனசைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எந்த விண்ணப்பப் படிவத்திலும் அதற்கு இடம் விட்டிருந்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. திண்டுக்கல்லில் நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிது. கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. நாகல் நகரிலிருந்து வந்த ஓர் அம்மாள், கொல்லைச் சுவரில் தெருப்பக்கமாகக் கதவு வைக்க அனுமதி கேட்டார். காரணம் கேட்டேன்.

“எங்க கெணத்துல நல்ல தண்ணிய்யா. தெருப் பொம்பளைக வீட்டுக்குள்ள வந்து, ஒவ்வொரு குடத்துக்கும் என் மூஞ்சியப் பாக்கக் கூசுறாக. கதவு இருந்தா அவுக பாட்டுக்கு எடுத்துட்டுப் போவாக.”

அப்படி எழுதினால் அது பொதுக்கிணறு ஆகிவிடும். ஆய்வு, ஒப்புதல் என்று கோடையே முடிந்துவிடும். ‘மாடு போய்வர’ என்று நானே எழுதினேன்.

“எங்கிட்ட மாடே இல்லியே?”

“கதவுந்தான் இன்னும் இல்லை.”

அடுத்த வாரம் இடத்தைப் பார்வையிட ஓவர்சியரோடு நானும் போனேன். “மாடு எங்கம்மா?” என்றார் அவர். அம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். வெயிலில் வந்த மனிதர் மூச்சுவிடாமல் குடித்தார். வாசலில் குடங்களோடு தயங்கி நின்ற பெண்களைப் பார்த்தார். ‘மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன். தெருக்கதவு திறந்திருக்கும், கிணற்றைப் பார்த்த வீட்டுக்கதவு சாத்தியே இருக்கும்.