வாடகைக் காருக்கு ஒரு பொட்டு

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. பரிஸ் வழியாக ஹொலண்ட் வரை காரில் போய்வர ஆசைப்பட்டோம். பெரிய கொம்பனிகள் கேட்ட வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நாங்கள் இருந்த பாடன் நகருக்கு வெளியே ஒரு கராஜ்காரர் பழைய கார்களை மலிவாகக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனோம்.

அவர் கார்த் திறப்பைத் தந்துவிட்டு உள்ளே போனதும், என் கணவர் காரின் முன்புறத்தில் குங்குமப் பொட்டு வைத்தார். பிறகு நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“இஞ்சாருங்கோ, இது எங்கட காரே? அந்தாள் கண்டால் திறப்பைத் திருப்பி வாங்கிப்போடும்.”

“ஆரின்ர காரெண்டால் என்ன? நாங்கள்தானே இதில போறம். சும்மா இரும்.”

அதற்குள் கராஜ்காரர் வந்துவிட்டார். குனிந்து சக்கரங்களைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். நாங்களும் காரும் நல்லபடியாகத் திரும்பி வர என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

“காருமா?” என்று வியந்தார். “வருகிற எல்லோரும் முதலில் கீறல்தான் தேடுவார்கள். என் காருக்கு நல்லது நினைத்த ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன்.”

பழங்கள் நசுங்குவதைப் பார்க்க ஓரமாக நின்றார்.

திரும்பி வந்து காரை ஒப்படைத்தபோது பொட்டு மழையில் பாதி கரைந்திருந்தது. துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். அவர் தடுத்தார்.

“இருக்கட்டும். அடுத்து எடுப்பவர்களுக்கும் உதவும்.”

அந்தப் பாதிப் பொட்டு முகம் தெரியாத யாருடன், எந்த ஊருக்கெல்லாம் போயிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.