வண்டியில் ஒட்டிய முகம்

ஆறு ஆண்டுகள். ஒரு வண்டி கேட்டு மருந்தக்கா அலைந்த காலம் அது. இப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. அந்த ஆறு ஆண்டுகளில் அவர் ஏறி இறங்காத அலுவலகப் படிகள் இந்த ஊரில் குறைவு.

சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது; அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மேம்பாலத்துக்கு அடியிலும், சரக்கு ரயில் கொட்டகையின் சுவரோரத்திலும், பூட்டிய கடை வாசல்களிலும் படுத்திருப்பவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுகிறவர். அதனால் மருந்தக்கா. எழுபது வயதுக்காரருக்கும் அக்காதான்.

முன்பு ஒரு தனியார் மருத்துவமனையின் கட்டுப்போடும் அறையில் வேலை பார்த்தார். அது இழுத்து மூடப்பட்டபோது, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் நடத்தும் அறக்கட்டளையில் சேர்ந்தார். அறக்கட்டளை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடை மாடியில் ஒரே ஓர் அறை, இரண்டு மேசைகள், மருந்து அலமாரி, ஆணி அடித்தால் உதிரும் சுவர். சம்பளம் வந்துவிடும், எந்த மாதத்துச் சம்பளம் என்பதுதான் குழப்பம்.

வண்டி எதற்கு என்று கேட்டால் அவர் தண்ணீரில் ஆரம்பிப்பார். சர்க்கரை நோயாளியின் காலில் வந்த புண்ணுக்கு முதல் மருந்து நிறையச் சுத்தமான தண்ணீர். பிறகு வெளிச்சம். பிறகு காலை நீட்டி வைக்க ஓர் இடம். நடைபாதையில் இந்த மூன்றும் கிடையாது. தோள்பையில் இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோவார்; இரண்டாவது ஆளுக்கே அது போதாது. பழைய கட்டுகளை மருத்துவமனைக் குப்பை அறைக்குக் கொண்டு செல்லப் பேருந்தில் ஏறினால், பக்கத்து இருக்கை காலியாகிவிடும். "உட்கார இடம் கிடைக்குதே, அதைச் சொல்லு" என்பார் அவருடைய கணவர்.

கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையே கடை. இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, துணி மூட்டைகள் போக மீதி இடத்தில் குடும்பம் நடக்கிறது. மனைவி ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் வெறுங்கையோடு திரும்பும்போது அவர் தலையைத் தூக்காமலே கேட்பார்: "உனக்கு வண்டி குடுக்கப் போறவன் பொறந்துட்டானா, இல்ல இனிமேதான் பொறக்கணுமா?"

"பொறந்து ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கானாம். வளந்ததும் குடுப்பான்."

இப்படிச் சொல்லிவிட்டு, வண்டி வரும் என்ற தைரியத்தில் நாற்பத்தைந்தாவது வயதில் ஓட்டுநர் உரிமமும் வாங்கினார்.

கடைசியில் கண் திறந்தது தண்ணீர்க் குழாய் தயாரிக்கும் ஒரு நிறுவனம். அதன் விளம்பரப் பிரிவிலிருந்து பேசியவர் விண்ணப்பத்தோடு ஒரு புகைப்படமும் கேட்டார். "பார்த்தா மனசைத் தொடணும் மேடம். அழுகை வேணாம். சிரிக்கிற மாதிரி ஒண்ணு."

சிரிக்கிற முகம் என்றால் மேஸ்திரிதான். கட்டட வேலையில் நாற்பது பேரை மேய்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு வேலை இல்லை. மனைவி இறந்தார். மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அவள் மாமியாரின் வாய் ஊரறிந்தது. அந்த வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள மேஸ்திரிக்கு மனம் வரவில்லை. தூரத்து ஊர் ஒன்றில் குளிர்பதனக் கிடங்குக்குக் காவலாளி, தங்க அறையும் கொடுத்திருக்கிறார்கள் என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவள் இருக்கும் இதே ஊரின் இன்னொரு மூலையில், சரக்குக் கொட்டகை ஓரத்தில் படுத்தார். ஞாயிறுதோறும் டீக்கடைக்காரரின் போனிலிருந்து பேசுவார். பின்னால் ரயில் கூவினால், "கிடங்குக்குச் சரக்கு வருதும்மா" என்பார். இந்த விஷயம் மருந்தக்காவுக்கும் தெரியும்.

சர்க்கரை நோயால் வலது குதிகாலில் புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழுவிக் கட்டினால் கால் தப்பும் என்று அரசு மருத்துவர் சொல்லியிருந்தார். மருந்தக்கா ஒரு முறை கூடத் தவறவில்லை.

"அண்ணே, உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கவா?"

"எதுக்கு, பொண்ணு பாக்கப் போறியா எனக்கு?"

"வண்டி கேக்கறதுக்கு. ஆபீஸ்காரங்க பாப்பாங்க."

"ஆபீஸ்ல மட்டும்தானே?"

"ஆபீஸ்ல மட்டும்தான்ணே."

"அப்ப எடு. இந்த மூஞ்சிக்கு வண்டி குடுக்கறவன் இருந்தா அவன் மூஞ்சியையும் ஒரு தடவை காட்டு."

அந்தச் சிரிப்போடுதான் படம் விழுந்தது.

வண்டி வந்த நாளில் பந்தல், மாலை, மைக் எல்லாம் இருந்தன. சாவியை வாங்கியவர் நேரே பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினார். நீர்த்தொட்டி, தொட்டியிலிருந்து குழாய், கை கழுவும் இடம், மடக்குக் கட்டில், தலைக்கு மேல் விளக்கு, சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம். குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. மூடினார். மறுபடியும் திறந்தார். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர், "யாராவது அந்தம்மாவைக் கூப்பிடுங்க" என்று சொல்லும்வரை அவர் இறங்கவில்லை.

இறங்கிய பிறகுதான் வண்டியின் பக்கவாட்டைப் பார்த்தார். கூரையிலிருந்து சக்கரம்வரை மேஸ்திரி சிரித்துக்கொண்டிருந்தார். மறுபக்கமும் அவரே. கீழே, 'இவருக்கு வீடு இல்லை. நாம் இருக்கிறோம்' என்ற வரி. அதற்கும் கீழே நிறுவனத்தின் பெயர்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு கணம் திக்கென்றிருக்கும். மருந்தக்காவுக்கு அப்படி இல்லை. ஆறு வருடக் கனவு கண்ணெதிரே நின்றது, அதில் தனக்குப் பிரியமான முகம். மேஸ்திரி பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்றே நினைத்தார். மாலை வாடுவதற்குள் வண்டியைச் சரக்குக் கொட்டகைக்கு ஓட்டிப்போனார்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. தடியை ஊன்றி எழுந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது எந்த ரோட்டுல எல்லாம் போகும்?"

"எல்லா ரோட்டுலயும் போகும்ணே! இனிமே உங்களைத் தேடி நான் நடக்க வேண்டியதில்ல."

அன்று அவர் வண்டிக்குள் ஏறினார். மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினார். தாராளமாகத் தண்ணீர் விட்டு, விளக்கு வெளிச்சத்தில், வாழ்க்கையிலேயே நல்ல ஒரு கட்டைப் போட்டேன் என்கிறார் மருந்தக்கா. "வரேன்மா" என்று சொல்லி இறங்கினார் மேஸ்திரி. வழக்கமாக, "போயிட்டு வா" என்பார். அந்த வித்தியாசம் அன்று காதில் விழவில்லை.

அடுத்த முறை போனபோது சுவரோரம் காலியாக இருந்தது. போர்வையையும் காணோம். டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை.

அந்த வாரமே ஒரு பெண் டயர் கடை மாடிக்கு வந்து நின்றார். மேஸ்திரியின் மகள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஸ்கூல் விட்டு வந்த எம்பொண்ணு, தாத்தா வண்டியில பெரிசா சிரிக்கிறாரும்மான்னு சொன்னா. பொய் சொல்றியான்னு அடிச்சேன் அவளை. மறுநாள் என் கண்ணாலயே பாத்தேன், சிக்னல்ல. என் மாமியாரும் பக்கத்துல. வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவங்க ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் இன்னும் நிறுத்தல." மூச்சு வாங்கியது. "எங்கப்பாவுக்கு வீடு இல்லன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்களே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எங்க இருக்காரு அவரு?"

மகள் தன் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு, "உயிரோட இருக்காரான்னாவது சொல்லுங்க" என்று படியிறங்கினார்.

படத்தை எடுத்துவிடலாம் என்று மருந்தக்கா அறக்கட்டளையை நடத்தும் பெரியவரிடம் போய் நின்றார். பெரியவர் கெட்டவர் அல்ல. நிறுவனத்துக்குப் போன் போட்டார். மூன்று வருடம் படம் இருக்க வேண்டும் என்று கையெழுத்தாகியிருக்கிறது என்றார்கள். எடுத்தால் வண்டியைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

"ஒருத்தர் முகத்துக்காக இத்தனை பேர் புண்ணை விட்டுடலாம்னு சொல்றியாம்மா? நீயே சொல்லு, நான் கேக்கறேன்" என்றார் பெரியவர்.

அந்த இரவு தையல்காரர் எதுவும் கிண்டல் செய்யவில்லை. திரைச்சீலைத் துணியை எடுத்து, வண்டியின் இரு பக்கமும் மூடும்படி ஓர் உறை தைத்துக் கொடுத்தார். இரண்டு நாள் அந்த உறையோடு வண்டி ஓடியது. மூன்றாம் நாள் யாரோ அதைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். உறை வீட்டுக்கே திரும்பியது.

இதற்குள் விஷயம் மேம்பாலம்வரை பரவிவிட்டது. வண்டி வந்தால் ஆட்கள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். ஏறச் சொன்னால், "உள்ளே கேமரா இருக்காமே" என்றார் ஒருவர். பழகிய பாட்டி ஒருத்தி மட்டும் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "அடுத்து யாரு மூஞ்சிடி ஒட்டப் போறே? என்னுதுன்னா முன்னாடியே சொல்லிடு, தலை வாரிக்கறேன்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மருந்தக்கா தோள்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, முன்பு போலவே நடைபாதையில் மண்டியிட்டுக் கட்டுப்போட்டார். தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார்.

மேஸ்திரியைத் தேடுவதை அவர் விடவில்லை. தேடிப் போகவும் அந்த வண்டிதான் இருந்தது. வண்டி தெரு முனையில் திரும்பும்போதே மேஸ்திரி பார்த்துவிடுவார், நகர்ந்துவிடுவார் என்பது புரிய நாளாயிற்று. அதன்பின் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து தேடினார்.

அரசு மருத்துவமனையின் ஆண்கள் அறுவைப் பிரிவிலிருந்து தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காய்கறிச் சந்தையின் பின்புறம் காய்ச்சலில் கிடந்தவரை யாரோ கொண்டு சேர்த்திருக்கிறார்கள். குதிகால் அழுகி, விஷம் மேலே ஏறி, வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

மருந்தக்கா கட்டிலருகில் நின்றார். மேஸ்திரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"உன் மேல கோவம் இல்லம்மா. நீ என்ன பண்ணுவே."

"ஆபீஸ்ல மட்டும்னு சொன்னேன்ணே."

"சொன்னே." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எம்பொண்ணு வந்தாளாமே. என்ன சொன்னா?"

"உயிரோட இருக்கீங்களான்னு மட்டும் கேட்டா. நம்பர் குடுத்திருக்கா. இப்பவே போடறேன், ஒரு வார்த்தை பேசுங்க."

"வேணாம். கால் இருந்தப்பவே போகல. இப்ப போய் அவ தலையில உக்காரவா?" சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. "உயிரோட இல்லன்னு சொல்லிடு."

மருந்தக்கா மகளுக்கு இன்னும் போன் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் மேஸ்திரி இந்தக் கட்டிலிலிருந்தும் எப்படியாவது போய்விடுவார் என்று பயம். அவர் சொன்னபடி சொல்ல நாக்கு எழவில்லை. முதியோர் இல்லங்கள் மூன்றில் கேட்டுப் பார்த்தார். தானாக எழுந்து நடக்க முடியாதவர்களைச் சேர்ப்பதில்லை என்று மூன்றும் சொல்லிவிட்டன.

வரும் வியாழக்கிழமை காலை மேஸ்திரியை வார்டிலிருந்து அனுப்புகிறார்கள். அந்தக் கட்டில் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.