சிமெண்ட் அக்காவின் கடைவாய்ப் பல்

சிமெண்ட் அக்காவுக்கு டாக்டர் ஓசியில் தங்கப்பல் கட்டிவிட்டாராம், யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்றுதான் அவள் வாயையே திறப்பதில்லையாம். எங்கள் கட்டடம் முழுக்க இதே பேச்சு. கீழே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நான்தான் கிளப்பிவிட்டேன் என்கிறார்கள். அபாண்டம். எனக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். நான் மூன்றே பேரிடம், அதுவும் வெளியே விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். போகட்டும். நடந்தது வேறு. அதைச் சொல்கிறேன்.

மாடியில் உள்ள பல் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பத்தொன்பது வருட வேலை. டாக்டர் சொத்தையைக் குடைந்து சுத்தம் செய்து முடிக்கும் நேரம் பார்த்து, சின்னக் கண்ணாடிப் பலகையில் பொடியையும் சொட்டு மருந்தையும் குழைத்து நீட்டுவாள். கொஞ்சம் முந்தினால் மருந்து இறுகிவிடும், பிந்தினால் டாக்டர் கத்துவார். அந்தக் குழைப்பினால் வந்ததுதான் சிமெண்ட் என்ற பட்டப்பெயர். என் வாயிலும் அவள் குழைத்தது இரண்டு இருக்கிறது. எட்டு வருடமாக அசையவில்லை.

அவளுக்கே கடைவாயில் ஒரு சொத்தை விழுந்தது. அன்றைக்கே டாக்டரிடம் காட்டினாள்.

"சின்ன ஓட்டைதான்மா. இப்ப அடைச்சா சாகுற வரைக்கும் இருக்கும். நீ இங்கதானே இருக்க, எங்க ஓடிடப் போற? ஆள் இல்லாத நேரம் ஞாபகப்படுத்து."

ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று அங்கே கிடையாது. அதனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். முறை எழுதும் நோட்டில் நோயாளிகளைப் பேனாவால் எழுதுவாள். கடைசி வரியில் பென்சிலால் 'நான்' என்று போட்டுக்கொள்வாள். சாயங்காலம் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவார்கள். ரப்பரை எடுத்து 'நானை' அழித்துவிட்டு அவர்களை எழுதுவாள். ஒருமுறை வேறொரு பல்லுக்காக வந்து அந்த வரியில் ஏறிக்கொண்டவன் நான்தான். அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏறியிருப்பேன், வலி அப்படி.

அழித்து அழித்து அந்த வரியில் காகிதமே ஓட்டையாகிப் போனது.

பல்லும் சும்மா இருக்குமா? வலி எடுத்தது. தற்காலிகமாக அடைக்கும் வெள்ளைப் பசை ஒரு டப்பாவில் இருந்தது. கழுவுமிடத்துக் கண்ணாடி முன்னால் நின்று அக்கா தானே அடைத்துக்கொண்டாள். சில வாரம் தாங்கும், பெயர்ந்துவிடும். மறுபடி அடைப்பாள். இப்படியே ஒன்றரை வருடம்.

ஒருநாள் வலி நின்றுவிட்டது. அக்காவுக்கு ஒரே குஷி. நோட்டில் பென்சில் வரி போடுவதையே விட்டுவிட்டாள். இதே அக்காதான் என்னை வழியனுப்பும்போது, "வலி நின்னுடுச்சுன்னு துள்ளாதீங்கண்ணே, உள்ள நரம்பு செத்திருக்கும், உடனே வாங்க" என்றவள். பத்தொன்பது வருடமாக ஊரார் வாய்க்கெல்லாம் சொன்னது தன் வாய்க்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

போன மாதம் கன்னம் பந்து மாதிரி வீங்கியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்த பிறகு, இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் அவளை நாற்காலியில் படுக்க வைத்தார்.

"பல்லு மொத்தமா போச்சேம்மா! இங்கயே இருந்துக்கிட்டு ஏன் சொல்லல?"

ஊசி போட்டதில் வாய் மரத்துப் போயிருந்தது. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேறு ஆள் இல்லை. அவளே தன் வாயில் பிடித்துக்கொண்டாள். பல் துண்டு துண்டாக வந்தது.

பஞ்சைக் கடித்துக்கொண்டே எழுந்து அடுத்தவருக்குச் சிமெண்ட் குழைத்தாள். படுத்திருந்தவரிடம் டாக்டர் சொன்னாராம்: "இந்தம்மாவைப் பாருங்க. பல் ஆஸ்பத்திரியிலேயே வேலை, பல்லைக் கவனிக்கலைன்னா இதான் கதி." படுத்திருந்தவர் சிரித்தாராம். மருந்து சரியான பதத்தில்தான் போனது.

அதற்குப் பிறகுதான் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தங்கப்பல் கதையும் அப்போதுதான் முளைத்தது.

நேற்று கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற வந்தவளிடம் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னக்கா, தங்கமெல்லாம் மின்னுதாமே? எங்களுக்குக் காட்ட மாட்டியா?"

அக்கா என் மேஜை விளக்கைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். நடந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் சொன்னாள். பிறகு கன்னத்தை விரலால் இழுத்து வாயைத் திறந்து காட்டினாள். ஈறு மட்டும் சிவப்பாக இருந்தது.

"நல்லா பாத்துக்கண்ணே. தங்கமும் இல்ல, சிமெண்டும் இல்ல. அடைக்கிறதுக்கு அங்க பல்லே இல்ல. சத்தியம் வாங்கிக்கிட்டு சொன்னியாமே, போய் அந்த மூணு பேர்கிட்டயும் சொல்லு."