ஸ்டெல்லாமேரியின் வலது கை

ஸ்டெல்லாமேரியின் இரண்டு கைகளும் ஒருவன் தொடையில் புதைந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, கறிக்கடை வரிசையில் ஏதோ தகராறு. வெட்டுக்கத்தியால் போட்டிருக்கிறார்கள். விஜய் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. ஆட்டோவிலிருந்து இறக்கியபோதே செருப்பு வரை ரத்தம். அவள் காயத்துக்குள் துணிச்சுருளை விட்டு அடைத்து, ஸ்டூல் மேல் ஏறி, உடம்பின் முழுப் பாரத்தையும் இரண்டு உள்ளங்கைகளில் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"டாக்டரு எங்க? நர்ச வுட்டுட்டு டாக்டரு எங்கடா பூட்டாரு?" என்று கத்தினான் அவனுடைய மச்சான்.

டாக்டர் வினோத்குமார் அவன் கண்ணெதிரிலேயே, விஜயின் கழுத்தில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். மச்சானுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரத்தம் வருகிற இடத்தில் ஒரு பொம்பளை இருக்கிறாள், அவள் டாக்டர் இல்லை.

"நா கைய எடுத்தா உன் மச்சான் செத்துருவான்," என்றாள் ஸ்டெல்லாமேரி. "எடுக்கட்டுமா?"

அவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். மறுபடியும் அறைந்தான். அவள் ஒரு கையைத் தூக்கியிருந்தால் தடுத்திருக்கலாம். தூக்கவில்லை. செக்யூரிட்டி வந்து அவனைத் தரையில் போட்டு மிதிக்கிற வரை, இழுத்த பக்கத்துக்குத் தலை சாய்ந்தபடியே அழுத்திக்கொண்டிருந்தாள். விஜய் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனான். பிழைத்தான்.

டியூட்டி முடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வந்தாள். கன்னத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தது. தெருவில் யாரும் கேட்கவில்லை. கன்னத்தில் விரல் பதிவது எங்கள் தெருவில் கேட்கிற விஷயம் இல்லை.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு வாட்ச்மேன். இவள் நர்சிங் முடித்து, கேஷுவாலிட்டியிலும் ஐ.சி.யு.விலும் வேலை பார்த்து, பிறகு சென்னையில் தங்கி இரண்டு வருடம் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் படித்தாள். நோயாளியைத் தட்டிப் பார்த்து, நெஞ்சில் கேட்டு, என்ன நோய் என்று கண்டுபிடித்து, என்ன மருந்து என்று தீர்மானிக்கிற படிப்பு. பல நாடுகளில் இது இன்று பெரிய வேலை. அமெரிக்காவில் பழையது. அயர்லாந்து, நியூசிலாந்து என்று பரவி எத்தனையோ ஊர்களில் நர்ஸ் மருந்து எழுதுகிறாள். டாக்டர்கள் போதாத ஊர்களில் அவள்தான் முதலில் பார்க்கிறாள். நம் ஊரிலும் படிப்பு வந்துவிட்டது. படித்து முடித்தவளுக்கு வேலைதான் பழைய வேலை. ஸ்டெல்லாமேரி திரும்பி வந்து அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதே ஸ்டூலில் ஏறினாள்.

நியூசிலாந்தில் ஒரு மருத்துவமனை நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி இடத்துக்கு அவளை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்து, கடைசி நேர்காணலுக்கு நாள் குறித்திருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணி, கம்ப்யூட்டரில். மூன்று பேர் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். அது போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. நாற்பத்தொரு வயது. மகள் மெரின் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தாள். இப்போது விட்டால் இல்லை.

புருஷன் லூர்துபிரகாஷ் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குடிப்பான், ஞாயிறு மட்டும். அவன் வீடு ஒரு காலத்துச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. தாத்தாவின் தம்பி எழுதிக் கொடுத்தார். அந்தத் தம்பியின் பேரன் பிரான்சுவா இன்று பாரிசில் இருக்கிறான், டிசம்பரில் வந்து கடற்கரையில் குட்டைக் கால்சட்டையோடு நடக்கிறான். லூர்துபிரகாஷ் அவனுக்கு ஏர்போர்ட் காருக்குச் சொல்லிவிடுகிறான். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போவதென்றால் ஆம்பிளை பேப்பரில் பொம்பளை போவது. ஸ்டெல்லாமேரியின் விசாவில் இவன் பெயருக்கு எதிரே 'சார்ந்திருப்பவர்' என்று வரும். அதை யாரோ அவன் குடிக்கிற கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

நான் பக்கத்து வீடு. வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அன்று கேட்டதையும் பிறகு அவள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அவள் சாப்பிட்டு முடித்து, அறையில் உட்கார்ந்து படிக்கப் போகிறேன் என்று எழுந்தாள். அவன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப நாளைக்கு நீ டாக்டரம்மா ஆயிடுவ," என்றான்.

"டாக்டர் இல்லங்க. நர்ஸ் பிராக்டிஷனர்."

"என்னா மயிரோ. நா அங்க வந்து என்னா பண்றது? துணி தொவைக்கவா?"

"வரலன்னா இருங்க. நா போறேன்."

"உன் அப்பன் மில்லு வாசல்ல நின்னவன். நீ என்ன இட்டுனு போறியா?"

"ஆமா. டிக்கெட்டுதான."

அவன் எழுந்து வந்தான். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தப் பார்த்தாள். பழைய தேக்குக் கதவு, இரண்டு பேர் தூக்குகிற கனம். அவன் காலை வைத்துத் தடுத்து, அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தான்.

"எந்தக் கையால ஊசி போடுவ? இதானே?"

கையை வாசக்காலில் வைத்து அமுக்கிக்கொண்டு கதவைக் காலால் உதைத்தான். சத்தம் என் சமையலறைக்குக் கேட்டது, விறகு பிளக்கிற மாதிரி. திறந்து, மறுபடி உதைத்தான். இரண்டாவது தடவைதான் அவள் கத்தினாள்.

"போ," என்றான். "இப்ப போயி நர்சு வேல பாரு."

மேசை மேல் கறிக்குழம்புக் குண்டான் இருந்தது. அவள் இடது கையால் அதன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி அவன் முகத்தில் அறைந்தாள். மூக்கெலும்பு போயிற்று. குழம்பும் ரத்தமும் சட்டையில் ஒன்றாக வழிந்தது. பின்கட்டிலிருந்து மாமியார் ஓடிவந்து மகனை நாற்காலியில் சாய்த்து, அண்ணாந்து பிடித்துக்கொண்டாள்.

"பாவி, என் புள்ள மூக்க ஒடச்சிட்டியேடி."

ஸ்டெல்லாமேரி சுவரில் சாய்ந்து நின்றாள். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்த, பின்னால சாய்க்காதீங்க. ரத்தம் தொண்டைக்குள்ள போவும். முன்னால குனிய வச்சி மூக்க அழுத்திப் புடிங்க. மேல எலும்புல இல்ல, கீழ சதையில."

மாமியார் திட்டிக்கொண்டே சொன்னபடி செய்தாள்.

அவள் என் வாசலுக்கு வந்தபோது முகம் சாம்பலாக இருந்தது. கையைப் பார்த்ததும் நேராக இழுத்துக் கட்டலாம் என்று போனேன்.

"இழுக்காதீங்கக்கா. மொதல்ல மோதிரம்."

கல்யாண மோதிரம். சோப்பைக் குழைத்துத் தடவினேன். விரலில் நூல் சுற்றி, சுற்றிய நூலை அவிழ்த்துக்கொண்டே வெளியே கொண்டுவந்தேன். அவள் என் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். மோதிரத்தில் கதை ஒன்றும் இல்லை. வீங்கிய பிறகு மோதிரம் விரலை அறுக்கும், அவ்வளவுதான்.

"நகத்த அமுக்குங்க. வெள்ளையாயி செவக்குதா?"

"செவக்குது."

"சுண்டு விரலத் தொடுங்க. தெரியுது. கட்ட விரல். தெரியுது. தோல் கிழியல. மணிக்கட்டுகிட்ட ரேடியஸ் எலும்பு போச்சு, உள்ளங்கையில ரெண்டு எலும்பு போச்சு. ஒரு அட்டப்பொட்டிய வெட்டுங்க. முழங்கை வரைக்கும் வச்சி, தளர கட்டுங்க."

அவள் சொன்னதை நான் செய்தேன். அந்தக் கை என்னுடையதாகவும் அவள் டியூட்டியில் இருப்பதாகவும் யாரும் நினைத்திருப்பார்கள்.

காலையில் அவள் அடி வாங்கிய அதே கேஷுவாலிட்டிக்கு ஆட்டோவில் போனோம். டாக்டர் வினோத்குமார் அவளைப் பார்த்துவிட்டு, "அந்த மச்சான் திரும்ப வந்துட்டானா?" என்றார்.

"இல்ல டாக்டர். இது வீட்டுல."

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கை உடைந்து வருகிற பெண் படியில் விழுந்தேன் என்பாள். நாங்களும் படி என்றே எழுதுவோம். முத்தியால்பேட்டையில் அத்தனை படிகள் கிடையாது. எழுத உட்கார்ந்த பெண் தலையைத் தூக்காமலே, "படியா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"புருஷன் கதவுல வச்சி ரெண்டு தடவ நசுக்குனான். அப்படியே எழுது. போலீசுக்கும் சொல்லு."

எக்ஸ்ரேயில் அவள் சொன்ன மூன்று எலும்பும் உடைந்திருந்தன. எலும்பு டாக்டர் வந்து, காலையில் முதல் கேசாகக் கம்பி போட்டுவிடலாம் என்றார்.

"காலைல எட்டு மணிக்கு எனக்கு இன்டர்வியூ இருக்கு, சார்."

"கை முக்கியமா, இன்டர்வியூ முக்கியமா?"

"ரெண்டும். ரத்த ஓட்டம் இருக்கு, உணர்ச்சி இருக்கு, தோல் கிழியல. இப்ப சரி பண்ணி அரை மாவுக்கட்டு போட்டா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கும். நா தப்பா சொன்னா சொல்லுங்க."

அவர் படத்தை வெளிச்சத்தில் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். "தாங்கும். ஆனா வீக்கம் ஏறுச்சுன்னா உடனே தியேட்டர். நீ ஒத்துக்கணும்."

"ஏறுனா இன்டர்வியூ வேணாம்."

எலும்பைச் சரிசெய்யும்போது மட்டும் கொஞ்ச நேரம் மயக்கம் கொடுத்தார்கள். பிறகு, கையை மரத்துப்போக வைக்கிற ஊசி போடட்டுமா என்று வினோத்குமார் கேட்டார். வேண்டாம் என்றாள். மரத்துவிட்டால் உள்ளே வீங்கி நரம்பு நெரிகிற வலி தெரியாது. தூக்கம் வருகிற மருந்தும் வேண்டாம் என்றாள், காலையில் தலை தெளிவாக இருக்க வேண்டும். பாரசிட்டமால் மட்டும். கையைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, வார்டுக் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அந்த வலியில் மனுஷர்கள் கொலைகூடச் செய்வார்கள்.

பொழுது சாய்வதற்குள் மாமியார் வந்தாள், கோயில் சபைப் பெரியவர் ஒருவரோடு.

"குடும்ப விஷயம், மா," என்றார் அவர். "கேசுன்னு போனா அவன் வேல போயிடும். கோயில்ல வச்சி பேசிக்கலாம்."

"அவன் மூக்குக்கு அவன் கேசு குடுக்கட்டும். நா இல்லன்னு சொல்ல மாட்டேன், நாந்தான் அடிச்சேன். என் கைக்கு நா குடுக்கறேன்."

"கை சரியாயிடும்டி," என்றாள் மாமியார். "அவன் கோவத்துல பண்ணிட்டான்."

"கோவத்துல பண்றவன் எந்தக் கைன்னு கேக்க மாட்டான், அத்த."

பெரியவர் எழுந்து போனார்.

மறுநாள் காலை ஏட்டு அரிகிருஷ்ணன் வாக்குமூலம் வாங்க வந்தார். அவள் சொன்னதை எழுதினார். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டியபோது, இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவைக் கேட்டாள். குழந்தை எழுதியது போல விழுந்தது. மூக்கில் பஞ்சோடு தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்ற லூர்துபிரகாஷை அங்கிருந்தே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனதாகப் பிறகு சொன்னார்கள். ஏறமாட்டேன் என்று ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். இரண்டு அடி விழுந்த பிறகு ஏறினானாம்.

வினோத்குமார் தன் அறையையும் கம்ப்யூட்டரையும் கொடுத்தார். நான் அவள் தலையை வாரிப் பின்னி, கன்னத்து வீக்கத்தின் மேல் பவுடர் போடப் போனேன். வேண்டாம் என்றாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தேன். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திரையில் மூன்று முகங்கள். நடுவில் நரைமுடிப் பெண்மணி. அவளும் நர்ஸாக இருந்து வந்தவள். கையைப் பார்த்துவிட்டு, வேறு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றாள் ஸ்டெல்லாமேரி. "கேளுங்கள்."

வயதானவர் ஒருவர் வீட்டில் விழுந்து விழுந்து எழுகிறார், ஏழு வகை மாத்திரை சாப்பிடுகிறார், பக்கத்தில் டாக்டர் இல்லை, என்ன செய்வாய். படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு, எழுந்து நின்றால் எவ்வளவு, எந்த மாத்திரை புதிது என்று இவள் திருப்பிக் கேட்டாள். அவர்கள் சொல்லச் சொல்ல, எதை நிறுத்துவேன், எதைக் குறைப்பேன், எந்த ரத்தப் பரிசோதனை வருகிற வரை காத்திருப்பேன் என்று சொன்னாள். நடுவில் ஒருமுறை வலி ஏறிப் பேச்சு நின்றது. மூச்சை விட்டுவிட்டு, விட்ட வாக்கியத்திலிருந்தே தொடர்ந்தாள்.

"டாக்டரை எப்போது கூப்பிடுவாய்?" என்று அந்தப் பெண்மணி கேட்டாள்.

"நெஞ்சுவலி இருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், நான் நிறுத்தியதற்கு மறுநாளும் அவர் விழுந்தால். அப்போது என் யோசனை தப்பு என்று அர்த்தம்."

மூன்று பேரும் குனிந்து எழுதினார்கள். கடைசியில் கை எப்போது வேலைக்கு ஆகும் என்று கேட்டார்கள். கட்டுப் பிரிக்க ஆறு வாரம், பிடி வர மூன்று மாதம், முழுதாக வருமா என்று இன்று சொல்ல முடியாது என்றாள். கை தேறி வர அவகாசம் இருக்கிற மாதிரி ஜூலையில் தொடங்கும் இடம் ஒன்றும் இருக்கிறது, அதற்கு உன் பெயரை எழுதிக்கொள்கிறேன், எழுத்தில் வரும் என்றாள் அந்தப் பெண்மணி.

திரை அணைந்ததும் ஸ்டெல்லாமேரி என்னைக் கூப்பிட்டு, விரல்களை நீட்டிப் பார்க்கச் சொன்னாள். விரல்கள் வீங்கியிருந்தன. நகத்தை அழுத்தினால் சிவப்பு திரும்பத் தாமதமானது.

"சாரக் கூப்பிடுங்கக்கா. இப்பவே தியேட்டருக்குப் போலாம்."

ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதால் ஈரப் பஞ்சால் அவள் உதட்டை நனைத்தேன். எலும்பு டாக்டர் வந்து மாவுக்கட்டை நீளவாக்கில் வெட்டித் தளர்த்தினார். தள்ளுவண்டியை நானும் தியேட்டர் ஆளும் சேர்ந்து தள்ளினோம்.