முதலாளி வாயைத் திறக்காத பதினாறு நாள்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் தார்ப்பாய்க்காரர். ஒரே ஒரு ஓட்டை மிஷினோடு ஆரம்பித்து, இன்று பதினொரு மிஷின் தடதடக்கிற பட்டறைக்கு முதலாளி. அவர் தைத்த தார்ப்பாய் போர்த்திய லாரியில் ஒரு மூட்டைகூட நனைந்ததில்லை. அதை அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அந்த மனுஷர் அறுபத்தெட்டு வயதில் இருநூறு பக்கத்துக்கு ஒரு சரித்திர நாவல் எழுதி முடித்தார். அந்தக் காலத்தில் நாட்டு எல்லையைத் தாண்டி, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய், காட்டை வெட்டிக் குடியேறிய சனங்களின் கதை.

அச்சுக்குக் கொடுக்கும்போது வீட்டம்மா ஒரு கொக்கி போட்டார்.

"முதலாளி எழுதினதுன்னா எல்லாரும் ஆகா ஓகோன்னுதான் சொல்லுவாங்க. வேற பேரு போடுங்க. பட்டறையில வாசிக்கட்டும். கடைசிப் பக்கம் வரைக்கும் நீங்க மூச்சு விடக்கூடாது. ஜெயிச்சா அடுத்த பதிப்புல உங்க பேரும் போட்டோவும். தோத்தா, அடுத்த கதைய நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதணும்."

"பூ, இவ்வளவுதானா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

தினமும் சாப்பாட்டுக்கப்புறம் மிஷின் ஓய்ந்திருக்கும் அரைமணி நேரம் கட்டிங் மாஸ்டர் உரக்க வாசித்தார். ஐந்தாம் நாளே, தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்க வளையம் அடிக்கிற அக்கா கொட்டாவி விட்டாள்.

"ஏண்ணே, அறுபது பக்கம் போயாச்சு, வண்டி இன்னும் கிளம்பலையே! அச்சாணிக்கு எண்ணெய் போட்டே பொழுத ஓட்டுறானே மனுஷன்!"

மூணு மாசம் உயிரைக் கொடுத்து எழுதிய அறுபது பக்கம். தார்ப்பாய்க்காரர் குடோனுக்குள் போய் ஒரு கயிற்றுக் கட்டை உதைத்துவிட்டு வந்தார்.

"சரித்திரம்ங்கிறான், ஒரு ராஜாவக்கூட காணோம்" என்றார் பத்தாம் நாள் கட்டிங் மாஸ்டர். "எங்க பார்த்தாலும் மண்வெட்டியும் கோடாலியும்!"

"ராஜா எதுக்குய்யா?" என்று சண்டைக்கு வந்தார் மூத்த தையல்காரர். "அந்தச் செவலை மாடு ஆத்தோட போனதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல."

முதலாளி துண்டை வாயில் திணித்துக்கொண்டார். காவலுக்கு வந்து உட்கார்ந்திருந்த வீட்டம்மா ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார்.

பதினாறாம் நாள். பதினொரு பக்கம்தான் பாக்கி. புயல் வருகிறது. வண்டிக்காரன் கூடாரக் கயிற்றை விறைப்பாகக் கட்டாமல் ஒரு சாண் தளர்த்திக் கட்டுகிறான். நனைந்தால் கயிறு சுருங்கும், விறைப்பாக இருந்தால் துணி கிழிந்துவிடும்.

வளையம் அடிக்கிற அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடேயப்பா! விஷயம் தெரிஞ்ச ஆளுண்ணே!"

"தெரியாம இருக்குமா?" என்றார் கட்டிங் மாஸ்டர். "யாராச்சும் பெரிய படிப்பு படிச்ச புரொபசரா இருப்பாரு."

பதினைந்து நாள் வசவைத் தாங்கிய மனுஷருக்கு இது தாங்கவில்லை.

"புரொபசரா? எந்தப் புரொபசருக்குய்யா கயிறு கட்டத் தெரியும்? நான்! அஞ்சாம் கிளாஸ்! நான்தான்யா எழுதினேன்!"

மூத்த தையல்காரர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா மட்டும் அசரவில்லை.

"அப்ப அந்த அறுபது பக்கத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும், மொதலாளி!"

கூரை அதிரச் சிரிப்பு. அவர் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடச் சத்தம். பாக்கிப் பதினொரு பக்கத்தையும் புத்தகத்தைப் பிடுங்கி அவரே வாசித்தார்.

முடித்து நிமிர்ந்தால், வீட்டம்மா கட்டிங் மேஜை டிராயரைத் திறந்து புது நோட்டும், ஏற்கெனவே சீவி வைத்த பென்சிலும் நீட்டுகிறார்.

"ம், எழுதுங்க. 'விடியறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு.'"