சவுரிராயன் ஒட்டிய இரண்டு ஸ்டிக்கர்கள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலை பாசஞ்சரில் போகிறவர்களிடம் சவுரிராயனைத் தெரியுமா என்று கேட்டுப்பாருங்கள். தெரியும் என்று சொல்வதற்கு முன்னால் காதைப் பொத்திக்கொள்வார்கள். பத்து வருடமாக அவனுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து போகிறவன் நான். என் காது எப்போதோ மரத்துவிட்டது.

விழுப்புரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் அவனுக்கு டிசைனர் வேலை. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவான். செத்தவர் முகத்தைச் சிவப்பாக்கி, பக்கத்தில் ஒரு புறாவையும் பறக்கவிடுவான். அந்த வேலையில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான். வாயைத் திறந்தால் கிட்டார்தான்.

எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருடமாக அவன் கிட்டார், நான் தபேலா. நாலைந்து கம்பியைச் சேர்த்து அமுக்கி ஒரே வீச்சில் மீட்டுவதைக் கார்டு என்பார்கள்; அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்கத் தெரிந்தது மூன்று கார்டு. நாலாவது கார்டு வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வான். ஜனங்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிறந்தநாளுக்கு அவனே டிசைன் செய்து, அவனே பிரிண்ட் போட்டு, 'ஆறு கம்பிகளின் அரசனே' என்று தெருமுனையில் ஒரு பேனர் கட்டினான். கீழே 'இவண்: உங்கள் ரசிகர்கள்' என்று மூன்று போட்டோ. ஒன்று அவன் மனைவி ஜெயம், ஒன்று அவன் மச்சான், மூன்றாவது நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வருடம், புதுச்சேரியைக் காலி செய்துகொண்டு போன ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு டியூப் ஆம்ப் வாங்கி வந்தான். பழைய ரேடியோவில் சிவப்பாக எரியுமே வால்வு, அதுதான் உள்ளே. காலடியில் வைத்து மிதிக்கிற மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்று அவனிடம் ஏற்கெனவே இருந்தது. எதிரொலி, இரைச்சல், நடுக்கம் என்று அதில் நூறு சத்தம். போதாததற்கு ஆம்ப் மாதிரியே சத்தம் போடும் வேலையையும் அதுவே செய்யும். சவுரிராயன் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் நேராக ஆம்ப்பின் முன்வாயில் சொருகிவிட்டான். ஒரு ஆம்ப்பின் சத்தத்தை இன்னொரு ஆம்ப் வாங்கிக் கத்தினால் எப்படி இருக்கும்? குருத்தோலை ஞாயிறன்று கோயிலே அதைக் கேட்டது. கைக்குழந்தைகள் வீறிட்டன. ஒரு பெரியவர் கையிலிருந்த குருத்தோலையைக் கீழே போட்டுவிட்டார்.

"கோயில்ல கரெண்டு சரியில்ல" என்றான் சவுரிராயன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பங்குப்பேரவைச் செயலாளர் இருதயராஜ் சார் பூசை முடிந்ததும் அவனை ஓரமாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காத சவுரி. திருவிழாப் பூசை ஒண்ணுதான் உனக்குக் கடைசி சான்ஸு. அன்னிக்கும் இப்படிக் கத்திக்கினு இருந்துச்சுன்னா, பிரேம்குமாரு கீபோர்டே போதும்னு கமிட்டில பேசிட்டாங்க. அதுலயே கிட்டார் சவுண்டு இருக்குதாமே."

மறுநாள் ரயிலில் விக்கிரவாண்டி வரைக்கும் அவன் பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அதற்கப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்த எடமும் போச்சுன்னா நான் யாருடா? கண்ணீர் அஞ்சலி போடறவன், அவ்ளோதானே?"

எப்போதும் அவனை வம்புக்கு இழுக்கிற நான் அன்றைக்கு என் டிபன் டப்பாவைத் திறந்து அவன் பக்கம் நீட்டினேன்.

ஒரு வாரம் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். அடுத்த திங்கட்கிழமை ரயிலில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கி, ஒன்றை உடைத்துக் காட்டினான். "இதுதான் ஆம்ப்புன்னு வச்சிக்க. முன்னாடி பருப்பு சத்தத்துக்குக் கலர் குடுக்கும். பின்னாடி பருப்பு பலம் குடுக்கும். ரெண்டுக்கும் நடுவுல சத்தத்த வெளிய எடுத்து, நம்ம பெட்டிக்குள்ள சுத்தவுட்டு, எதிரொலியெல்லாம் சேத்து, திரும்ப உள்ள அனுப்பணும். எஃபெக்ட்ஸ் லூப்புன்னு அதுக்குன்னே பின்னால ரெண்டு சாக்கெட்டு வச்சிருக்கான். செண்டுல வெளிய வரும், ரிடர்ன்ல உள்ள போவும். நாலு ஒயரு வேணும். இத்தனை நாளா நான் முட்டாத்தனமா முன்னாடியே குத்திக்கினு இருந்தேன்." பக்கத்து சீட்டுக்காரர் ஆம்ப்பின் இரண்டு பருப்பையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைப் பேச்சுச் சூட்டில் அவன் கவனிக்கவில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவன் வீட்டில் நாலு ஒயரையும் மாட்டினோம். பொய் சொல்லக்கூடாது, சத்தம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மூன்று கார்டும் மணி மாதிரி கேட்டது. ஜெயம் கரண்டியோடு வந்து நின்று, "இன்னாங்க, நீங்களா வாசிக்கிறீங்க?" என்றாள். அதோடு எழுந்து கை கழுவியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஃப்ளெக்ஸ்காரன் கை சும்மா இருக்குமா? கோயிலில் அவசரத்தில் மாறிவிடக் கூடாதாம், செண்ட், ரிடர்ன் இரண்டுக்கும் தமிழில் ஸ்டிக்கர் ஒட்டப்போகிறானாம். ஒன்றில் 'போ', ஒன்றில் 'வா' என்றான். ஜெயம் சண்டைக்கு வந்துவிட்டாள். "திருவிழாவுக்கு எடுத்துக்கினு போற பொருள்ல போன்னு எழுதுவாங்களா? நல்ல வார்த்தையா எழுதுங்க." அவனும் தலையாட்டிவிட்டு, கடையிலிருந்து ஒரு கல்யாண வளைவின் டிசைனையே சின்னதாக்கிப் பிரிண்ட் எடுத்து வந்தான். செண்டுக்கு 'சென்று வருக'. ரிடர்னுக்கு 'நல்வரவு'. இரண்டிலும் கைகூப்பும் படம் வேறு. ஆம்ப் சுவரோரமாக இருந்தது. அதை நகர்த்த சோம்பல்பட்டு, முன்பக்கம் நின்றபடியே மேலே கவிழ்ந்து, தலைகீழாகப் பார்த்து, சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் எழுத்து தெரியாதபடி அச்சாக ஒட்டினான். ஒரு குமிழி இல்லை.

திருவிழா அன்று காலை கொடி, மேளம், வெளியூர் ஃபாதர்கள் என்று ஒரே பேஜாரு. சவுண்ட் சர்வீஸ் நடராசன் பாடுகிறவர்கள் மைக்கை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஜல்தி, ஜல்தி, ஆரமிங்க" என்றான். சவுரிராயன் ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து நாலு ஒயரையும் சொருகினான். விளக்கு எரிந்தது. உள்ளே வால்வும் சிவந்தது.

வருகைப் பாட்டில் கிட்டார் வரும் இடம் வந்தது. வந்ததே பாருங்கள், அப்படி ஒரு இனிமை! சவுரிராயன் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினான். நானும் தலையை ஆட்டினேன். அப்புறம் கண்ணை மூடியவன் நன்றிப் பாட்டு வரைக்கும் திறக்கவே இல்லை.

பூசை முடிந்ததும் இருதயராஜ் சார் மேடையிலேயே அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். "இந்த வருசம் கிட்டாரு தேனு" என்று நாலு பேர் கையைக் குலுக்கினார்கள். நடராசனைப் பிடித்து நிறுத்தி, "எல்லாம் எஃபெக்ட்ஸ் லூப்பு பண்ற வேலைப்பா, வெறும் ஆம்ப்பு இருந்தாப் பத்தாது" என்று அவன் பாடம் நடத்தத் தொடங்க, நான் ஒயர்களைச் சுருட்டப் போனேன்.

'நல்வரவு' ஸ்டிக்கரின் ஒரு முனை சூட்டில் கிளம்பியிருந்தது. சும்மா இருக்காமல் உரித்தேன். அடியில் இங்கிலீஷில் செண்ட் என்று இருந்தது. 'சென்று வருக'வையும் உரித்தேன். ரிடர்ன். தலைகீழாகப் பார்த்து ஒட்டியதில் இரண்டும் இடம் மாறியிருந்தன. மல்லாட்டைப் பாடம் எனக்கு மறக்கவில்லை. உள்ளே போக வேண்டிய சத்தத்தை வெளியே வரும் ஓட்டையில் சொருகியிருக்கிறான். பின்பருப்புக்குப் பொட்டுச் சத்தம் போயிருக்காது. அந்த ஆம்ப் பூசை முழுக்க மௌன விரதம் இருந்திருக்கிறது.

அப்படியானால் வாசித்தது யார்? பக்கத்தில் கீபோர்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த பிரேம்குமாரிடம் கேட்டேன்.

"நான்தாண்ணே" என்றான் தயங்கி. "எதுக்கும் மொதல் பாட்டுலேர்ந்தே கிட்டார் சவுண்டு போட்டு ரெடியா இருன்னு இருதயராஜ் சார் சொல்லியிருந்தாரு. அண்ணன் சவுண்டு வரவேயில்ல. சரின்னு நானே வாசிச்சிட்டேன். அண்ணன் கோச்சிக்குவாரா?"

திரும்பினேன். சவுரிராயன் பொன்னாடையோடு என் பின்னால் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்ட முகம். என்றைக்காவது இப்படி ஒரு சமயம் வாய்த்தால் ரயிலில் ஒரு மாதத்துக்கு ஓட்டலாம் என்று நான் காத்திருந்தது உண்மை. வாய்த்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து இருதயராஜ் சார் வந்தார். சவுரிராயன் முகத்தைப் பார்க்காமல் ஆம்ப்பைப் பார்த்துப் பேசினார். "கமிட்டில எல்லாருக்கும் திருப்தி. நீயே இருந்துக்க சவுரி. இனிமேலும் இதே மாதிரி வாசி, போதும்."

அவன் பொன்னாடையின் முனையை இழுத்துவிட்டுக்கொண்டான். "சரிங்க சார்" என்றான்.

அவர் போனதும் குனிந்து என் கையிலிருந்த ஸ்டிக்கர்களை வாங்கினான். சரியான இடத்தில் ஒட்டப்போகிறான் என்று நினைத்தேன். எங்கிருந்து உரித்தேனோ அங்கேயே வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

அடுத்த ஞாயிறு பூசையில் அந்த ஸ்டிக்கர்களைப் பார்த்துத்தான் ஒயரைச் சொருகினான். விளக்கு எரிந்தது, வால்வு சிவந்தது, பிரேம்குமார் பக்கத்திலிருந்து கிட்டார் தேனாக வந்தது. நாலாவது கார்டு வரும் இடத்தில் நான் அவனைப் பார்த்தேன். இப்போதெல்லாம் அவன் கண்ணை மூடுவதில்லை.